ஸ்டெல்லாவின் புராஜெக்டும் அவள் அம்மாவும்

நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் இன்று மென்பொருள் பொறியியல் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வைவா. புராஜெக்ட் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அதனால் பாதிப் பேர் அதைச் சென்னையில் ஏதாவது கடையில் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஆம்பூர் ஸ்டெல்லா மட்டும், தன் அம்மா வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். இடது காலும் வலது காலும் வேறு வேறு நிறத் தோலில் ஜோடி சேர்ந்துவிடாமல், வெட்டிய தோல் கட்டுகளை அது கண்காணிக்கும்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நம்பவில்லை.

"எந்தக் கடையில வாங்குனம்மா?"

ஒரு கட்டுக்குப் பதினான்கு ஜோடி என்று தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

"பாத்தியா, தப்பு. இதுக்கு எப்படி மார்க் போட்றது?"

ஸ்டெல்லா பயத்தோடு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

லீவு போட்டு மகளோடு வந்து, லேப் வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா சார் நீங்க? ஒரு கட்டுக்குப் பன்னெண்டு ஜோடிதான். ஜாஸ்தியா கட்டுனா தோல் மடிஞ்சு போய்டும். அதை ஏத்துக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

எக்ஸாமினர் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார். அப்புறம் அரை மணி நேரம், ஸ்டெல்லா ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, அம்மா காரணம் சொன்னார்.

"ரெண்டு பேருமே பாஸ்" என்று சிரித்தபடி எழுந்தார் எக்ஸாமினர்.

அறிக்கையில் வழிகாட்டி என்று என் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. தோல் மடியும் விஷயமே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

உங்கள் புராஜெக்டுக்கு நிஜமான வழிகாட்டி யார்? மனசாட்சியோடு சொல்லுங்கள்.