இடது பக்கம் பிரிச்சுவிட்ட ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கிறவ கண்ணுக்குத் தப்பி ஒரு பொம்பளை உடம்பு அரை அங்குலம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. ஆனா பார்த்ததை வெளிய சொல்லக் கூடாதுங்கிறது எங்க பழக்கம். அருப்புக்கோட்டையில பதினெட்டு வருசமா மிஷின் மிதிக்கிறேன். என்னை மாதிரி இடுப்பு வலியோட குனிஞ்சு உக்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்றது புரியும்.

அளவு ஜாக்கெட்

நம்ம பக்கம் உடம்புல டேப் வைக்க எத்தனை பேரு விடுறாக? பழைய ஜாக்கெட் ஒண்ணைப் பையில கொண்டாந்து நீட்டிருவாக. பாலவனத்தத்துல இருந்து ஒரு மளிகைக்கடைக்காரம்மா வருவாக. அவுக கொண்டாந்தது கல்யாணமான புதுசுல தைச்சது. "உடம்பு மாறியிருக்கும்மா, அளந்துக்கிறேன்"னேன். முந்தானையை இழுத்து மூடிக்கிட்டாக.

"நானே என் உடம்பைக் கண்ணாடியில பார்த்ததில்ல, நீ எதுக்கு அளக்குறே?"

மூணு தடவை

சரோஜாக்கா அடுத்த தெரு. தறிக்காரக் குடும்பம், வீட்டுக்குள்ள கன்னடம், என்கிட்ட தமிழ். தை மாசம் வந்து, புது ஜாக்கெட் இடது பக்கம் மட்டும் இறுக்கிப் பிடிக்குதுன்னாக. என் தப்புன்னு நினைச்சுத் தையலைப் பிரிச்சுவிட்டேன். சித்திரையில மறுபடியும் அதே பக்கம். ஆடியில மூணாவது தடவை. உள்ள மடிச்சு விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோய், ஒட்டுத்துணி வச்சுக் கொடுத்தேன். ஒட்டு வெளிய தெரியலைன்னு எனக்குப் பெருமை வேற. வலிக்குதாக்கான்னு பேருக்குக் கேட்டு வச்சேன். அக்கா சிரிச்சாக.

"வலிச்சாத்தானடி வைத்தியம், இது சும்மா சதை போடுது."

முகூர்த்தக் கடை

ஆவணியில எங்க தெருவுக்கு வர்ற ஆஸ்பத்திரி நர்ஸம்மா, கடைச் சுவத்துல ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தாக. முப்பது வயசு தாண்டின பொம்பளைகளுக்கு மார்புலயும் கர்ப்பப்பை வாயிலயும் புற்றுநோய் இருக்கான்னு ஆஸ்பத்திரியில இலவசமாப் பார்க்கிறாகளாம். கட்டி வந்தவுக மட்டும் இல்ல, ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறவுகளும் வரணும்னு சொல்லிட்டுப் போனாக.

கடை பூரா கல்யாண ஜாக்கெட் தொங்குது. பொண்ணு வீட்டுக்காரவுக வந்து போற இடத்துல அந்த வியாதிப் பேரை எப்படி ஒட்டுறது? டிராயர்ல வெட்டுத்துணிக்கு அடியில வச்சுட்டேன். அதே வாரம் சரோஜாக்கா வந்து ஒரு மணி நேரம் உக்கார்ந்து பேசிட்டுப் போனாக. நோட்டீஸ் நினைப்பு வந்துச்சு. எடுக்கல. அடுத்த மாசம் நர்ஸம்மா வந்து வெறும் சுவத்தைப் பார்த்தாக. கோவிக்கக்கூட இல்ல.

"உங்க தெருவுல இருந்து ஒருத்தர்கூட வரலக்கா."

பஞ்சு

அடுத்த தை மாசம் சரோஜாக்கா மதுரையில ஆபரேசன் முடிஞ்சு வந்தாக. இடது மார்பை எடுத்தாச்சு. அக்குள் வரைக்கும் பரவிருச்சாம். ஊசி மருந்துக்கு இன்னும் பஸ் ஏறிப் போய்ட்டு வாராக, தலையில முடி இல்ல. சீக்கிரம் வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.

இடது பக்கம் பஞ்சு வச்சு ஜாக்கெட் தைக்கணும்னாக. அளவெடுக்க அவுகளே கையைத் தூக்கிக் காமிச்சாக. டேப்பைக் கீழ வச்சேன். "தப்புப் பண்ணிட்டேன்க்கா"ன்னு அழுதுட்டேன். அவுகதான் என்னை உக்கார வச்சாக. பிறகு மெதுவாத்தான் கேட்டாக.

"மூணு தடவ பிரிச்சியே மாரி, ஒரு தடவ போய்க் காட்டுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

இப்ப டேப்பை எடுக்க முந்தியே ஆஸ்பத்திரியில பார்த்தாச்சான்னு கேட்டுக் கேட்டு, நாலஞ்சு பேரை வேற டெய்லர்கிட்ட விரட்டிவிட்டிருக்கேன். இந்தத் துணிச்சல் போன வருசமே வந்திருந்தா, நஷ்டம் என் வாடிக்கையோட போயிருக்கும், சரோஜாக்கா மார்பு வரைக்கும் வந்திருக்காது.