பத்து நாள் பொறுத்திருந்தால்

புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் அவர். கழுத்தில் ஒரே ஒரு கட்டி. காய்ச்சல் இல்லை, உடம்பு இளைக்கவும் இல்லை. கோவில்பட்டியில் ஒரு சர்ஜன் அதை முழுசாக எடுத்து என் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். பின்னாலேயே மனைவியோடு இவரும் வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, என்னன்னு சட்டுனு சொல்லிருங்க. கிடை போடணும். சம்சாரிக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

சம்சாரி, அதாவது விவசாயி, அறுப்பு முடித்த கரிசல் காட்டில் ஆடுகளை இரவெல்லாம் அடைத்து வைப்பதுதான் கிடை. புழுக்கை நிலத்துக்கு உரமாகும். மழை விழுந்து உழவு தொடங்கிவிட்டால் கிடைக்கு வேலையில்லை. அத்தனை ஆடும் உங்கள் பேச்சைக் கேட்குமா என்று விளையாட்டாகக் கேட்டேன். அங்கேயே நின்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், என் டெக்னீஷியன் கையிலிருந்த கண்ணாடித் தகட்டைக் கீழே போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். அதில் இரண்டு வகை பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். சிறு செல்களின் கூட்டத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செல்கள். பிரித்துச் சொல்ல மார்க்கர் சோதனை வேண்டும். திசுவின் மேல் மருந்தை ஊற்றினால் அது ஒட்டும் செல் பழுப்பாக மாறும். சிடி30, சிடி15 என்ற இரண்டு மார்க்கரிலும் பழுப்பு ஏறினால் கிளாசிக்கல் வகை. அதற்குக் கடுமையான மருந்துகள் வேண்டும். அந்த இரண்டு மார்க்கரிலும் நிறம் ஏறாமல் சிடி20 மட்டும் பழுப்பானால் இன்னொரு வகை. ஒரே கட்டியோடு ஆரம்பத்தில் பிடித்துவிட்டால், எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

மெழுகில் பதித்த திசுவை மதுரைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரப் பத்து நாள் ஆகும். நான் அனுப்பவில்லை.

அவருடைய அவசரத்துக்காகத்தான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குத் திமிர். இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாததா என்ற திமிர். கிளாசிக்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதுரைப் புற்றுநோய் மருத்துவர் போனில் கேட்கவும் செய்தார், "மார்க்கர் போட்டாச்சா மேடம்?"

"இதுக்கு எதுக்கு சார்? பார்த்தாலே தெரியுதே."

அவர் என்னை நம்பினார். ஆட்டுக்காரர் ஆடுகளை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு சிகிச்சைக்காக மதுரை போய்ச் சேர்ந்தார். கொடுத்த மருந்துகளில் ஒன்று அவருடைய நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. சிலருக்கு அப்படி ஆகும். நோய் போனது, மூச்சும் பாதி போனது.

சில வருஷம் கழித்து அக்குளில் புதுக் கட்டி. இந்த முறை மதுரையில் பழைய திசுவையும் கேட்டு வாங்கி, இரண்டுக்கும் மார்க்கர் போட்டார்கள். முடிவு எனக்கும் வந்தது. இரண்டிலும் சிடி30 இல்லை, சிடி15 இல்லை. சிடி20 மட்டும் நல்ல பழுப்பு. திசு மாறிப்போயிருக்குமோ என்று ஒரு நப்பாசை. திசுவின் எண்ணைச் சரிபார்த்தேன், அதேதான். என் கையெழுத்துதான்.

மறுவாரம் பழைய தகடுகளை வாங்கிப்போக இருவரும் வந்தார்கள். நாலு படி ஏற அவர் இரண்டு முறை உட்கார்ந்தார்.

"இப்ப ஆட்டை நான்தான் கூப்பிடுதேன். அவியளுக்கு மூச்சு எட்டல" என்றார் மனைவி.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வைத்திருந்தேன். "அந்தப் பழைய ரிப்போர்ட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

ஆட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க அன்னைக்குச் சட்டுனு சொன்னதாலதான்… மச்சினனைப் பிடிக்க முடிஞ்சது. கிடை… மழைக்கு முந்தியே போட்டாச்சு… வாக்கு தப்பல டாக்டரம்மா." இவ்வளவு சொல்வதற்குள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

வெட்கமாக இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். தகடுகளை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.