சங்கத்து டைம்பீஸ்

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, நேரத்தை எப்படிப் பங்கிட்டுப் படிப்பது என்று நான்தான் பேசுவேன். தலைமையாசிரியை என்றால் இதெல்லாம் தலையில் வந்து விழும். கரும்பலகையில் கட்டம் போட்டு, இத்தனை மணிக்கு இது, இத்தனை மணிக்கு அது என்று எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது இந்த அம்மாள் ஒரு கடிகாரத்துக்குச் செய்த காரியம் தெரிந்தால் ஒருத்தரும் பேனாவைத் தொடமாட்டார்கள்.

எனக்கு முதன்முதலில் கால அட்டவணை போட்டுக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எதையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் புதுக் கொடி வரைந்திருந்த காலம் அது. ஆட்சி மாறினாலும் பண்ணை வயலில் நேரம் மாறவில்லை. பொழுது விடியுமுன் இறங்கும் அம்மாவும் மற்றப் பெண்களும் எதிரில் வருபவர் முகம் தெரியாத இருட்டில்தான் கரையேறுவார்கள். அதற்காகப் பல நாள் வேலைநிறுத்தம் நடந்து, போலீஸ் வந்து, கடைசியில் தாசில்தார் முன்னால் ஒரு தாள் எழுதினார்கள். காலை எட்டுக்கு இறங்குவது, மாலை ஐந்துக்குக் கரையேறுவது. அந்த இரண்டாம் போக, தாளடி நடவு முடியும்வரை இது நடக்கும். எந்தப் பக்கம் நேரம் தவறினாலும் தாள் செல்லாது, பழையபடிதான்.

மணி பார்க்க எங்கள் தெருவில் ஏது கடிகாரம்? சங்கத்துக்கென்று ஒரு டைம்பீஸ் வாங்கினார்கள். பச்சை நிறம், தலையில் மணி, முதுகில் சாவி. எங்கள் வீட்டு மாடத்தில்தான் ஒழுகாது என்பதால் அது எங்கள் வீட்டில் குடியேறியது. காலையில் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி வாசிக்கும்போது மாமா முள்ளைச் சரிசெய்து, சிவப்புத் துண்டில் சுற்றி வயலுக்கு எடுத்துப்போவார். சாயங்காலம் ஐந்துக்கு அலாரம் அடிக்கும். அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. அந்தச் சத்தம்தான் தெரியும்.

கடிகாரம் வந்ததில் ஊருக்கே கொண்டாட்டம், எனக்கு மட்டும் சனி பிடித்தது. மாமா சும்மா இருக்கமாட்டாமல், ‘தொழிலாளிக்கு நேரம் வந்தாச்சு, படிக்கிற புள்ளைக்கு வேணாமா?’ என்று சங்க நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் எனக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஐந்தரை முதல் ஆறு வரை ‘தலை’. அதற்குப் பிறகு கணக்கு, இங்கிலீசு, தமிழ். விளையாட்டுக்கு ஒரு கால் மணி, அதுவும் இருட்டிய பிறகு.

அந்தத் ‘தலை’ என்னவென்றால் பேன் பார்ப்பது. முன்பெல்லாம் அம்மா வீடு திரும்பும்போது நான் பாதி நாள் தூங்கியிருப்பேன். சிமினி விளக்கில் பேன் எங்கே தெரியும்? என் தலையில் அவை குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. பள்ளியில் டீச்சர் என்னைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். இப்போது அம்மா வெளிச்சத்திலேயே வந்து, காலிரண்டுக்கும் நடுவில் என்னை இடுக்கிக்கொண்டு, ஈரையும் முடியையும் சேர்த்து இழுத்தாள். வாசலில் மற்றவர்கள் பாண்டி ஆடும் சத்தம் கேட்கும். பழையபடி இவள் இருட்டியே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் விட்டால் படிக்கமாட்டேன் என்று என்னைப் புத்தகத்தோடு வயலுக்குக் கூட்டிப்போய், வரப்போரப் பூவரசு மரத்தடியில் டைம்பீஸுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான்கு மணி வரை படிப்பு, அதற்கப்புறம் வாய்க்காலில் குளிக்கலாம் என்பது அன்றைய ஒப்பந்தம். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள், நடுவில் அம்மா. மாமா தண்ணீர் பார்க்க மடைக்குப் போயிருந்தார். வாய்க்காலிலிருந்து என் கூட்டாளிகள் கத்திக் கூப்பிட்டபடி இருந்தார்கள்.

மணி மூன்றேகால். முள்ளுக்குக் கால் ஒடிந்துவிட்டதோ என்று பார்த்தேன், நகர்வதாகவே இல்லை. முதுகுத் திருகை மெல்லத் திருப்பினேன். மூன்றே முக்கால் ஆனது. ஐயோ, இவ்வளவு சுலபமா! நான்கு ஆனதும் பின்னுக்குத் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. மிச்சக் கால் மணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், நான்கு ஆனது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஓட்டம். தண்ணீரில் குதித்த பிறகு டைம்பீஸாவது ஒன்றாவது, அடியோடு மறந்துபோனேன்.

அலாரம் அடித்த சத்தம் வாய்க்கால் வரை கேட்டது. மூடாப்பு போட்டிருந்த நாள், வெயிலை வைத்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மாமாவும் மடையிலிருந்து வந்துசேர்ந்தார். அதே நேரம் பார்த்து பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் கையில் வாட்ச் இருந்தது.

‘என்னடா சங்கத்துக்காரா, மணி நாலரை. அதுக்குள்ள கரையேறிட்டாளுவ? இதுக்குத்தான் தாசில்தார் வரைக்கும் போனீங்களா?’

மாமா டைம்பீஸைத் தூக்கிக் காட்டினார். காரியஸ்தர் சிரித்தார். ‘உங்க கடிகாரம் உங்க இஷ்டத்துக்கு ஓடும்னு அன்னிக்கே சொன்னேன். தாளைக் கிழிச்சாச்சுன்னு வச்சுக்க.’

தண்ணீரிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட நின்றேன். மாமா கொஞ்ச நேரம் பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலே முக்கால் மாயவரம் பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

‘பஸ் இன்னும் போகலைங்க,’ என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ‘நம்ம கடிகாரம்தான் தப்பு.’

அம்மா என்னைப் பார்த்தாள். என் ஈரப் பாவாடையை, மூடிக் கிடந்த புத்தகத்தை, மாமா கையிலிருந்த டைம்பீஸை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

‘நான்தாங்க செஞ்சது,’ என்றாள் காரியஸ்தரிடம். ‘மத்தியானம் சேத்துக் கையோட துடைக்கப் போனேன், முள்ளு நகந்திருக்கு. அரை மணி வேலைதானே, நட்டுக் குடுத்துடுறோம். நீங்களே வாட்சைப் பாத்து அஞ்சு சொல்லுங்க, அப்பறம் ஏறுறோம்.’

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். பக்கத்திலிருந்தவள் ‘உன் கையில தீயை வைக்க’ என்று திட்டிக்கொண்டே பின்னால் இறங்கினாள். அவளுக்குப் பின் ஒவ்வொருத்தியாக இருபது பேரும். காரியஸ்தர் போகவும் முடியாமல், உட்காரவும் இடமில்லாமல் வாட்சைப் பார்த்தபடி வரப்பில் நின்றார். பாலத்தில் மாயவரம் பஸ் போனது. அதற்குப் பிறகும் நின்றார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘அஞ்சாச்சு, ஏறுங்க,’ என்றார்.

பண்ணை ஆள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. இருபது பெண்களும் சிரித்தார்கள். மாமாவுக்கு மீசை துடித்தது. தாளைப் பற்றி அதன் பிறகு காரியஸ்தர் வாயைத் திறக்கவில்லை. நடவு முடியும்வரை மட்டுமல்ல, அறுவடைக்கும் ஐந்து மணி நின்றது.

அன்று வீட்டில் விளக்குமாறு நிச்சயம் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. மாடத்தில் டைம்பீஸை வைத்துவிட்டு, ‘வாடி இங்க. இதுல மணி எப்படிப் பாக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. இனிமே உன்னை நம்பி நான் சேத்துல நிக்க முடியாது,’ என்றாள். தப்பித்தேன் என்றிருந்தது. பேன் பார்க்கும் நேரத்தில் தினமும் பாடம் நடந்தது. அவள் விரல் என் தலையில் ஓடும், நான் சின்ன முள், பெரிய முள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மாணவி மகா மக்கு. ‘ஆறாச்சும்மா, விடு,’ என்பேன். மாடத்தைப் பார்த்து, ‘எங்கடி, பெரிய முள்ளு இன்னும் பத்துலதான நிக்குது,’ என்பாள். முள் பன்னிரண்டைத் தாண்டிப் போயிருக்கும்.

தை பிறந்து, தலையில் ஒரு பேன்கூட இல்லாமல் போய், டீச்சர் என்னை முன் பெஞ்சுக்கு மாற்றிய பிறகும் அந்த அரை மணி நீண்டுகொண்டே போனது. ஒருநாள் மாமா தெருவில் போகிறபோக்கில், ‘மணி என்னக்கா?’ என்று கேட்டார். அம்மா மாடத்தை ஒரு பார்வை பார்த்து, ‘ஆறு அடிச்சு அஞ்சு நிமிஷம்,’ என்றாள். நான் எழுந்திருக்கப் போனேன். தோளை அழுத்தி உட்காரவைத்து, ‘ஆறு மணியாவறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு, தலைய ஆட்டாதடி,’ என்றாள்.

பாடம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.