படகில் பங்கு வைத்த மாத்திரை

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த லேபில், கிருமியின் ஜீன் இருப்பதைக் காட்டும் கோடு, நாங்கள் பேண்ட் என்போம், ஜெல்லில் பளிச்சென்று விழுந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கு மட்டும் நான், "மாதாவே, விழாம இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டு நின்றேன். சாம்பிள் என் அண்ணன் சூசையுடையது.

எங்களுக்குக் கடியப்பட்டணம். அண்ணனுக்கு வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தங்கல் படகில் தொழில். வயிற்றுப்புண் என்று எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையில் கிள்ளிய துணுக்கை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எச்.பைலோரி கிருமி எத்தனையோ பேர் வயிற்றில் சும்மா கிடக்கும். காக்-ஏ ஜீன் உள்ள ரகம் பொல்லாதது. அந்த ஜீன் செய்யும் புரதத்தைக் கிருமி நம் வயிற்றுச் செல்லுக்குள்ளேயே செலுத்திவிடும். புண் வரும், சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகும். எங்கள் அப்பா வயிற்றுப் புற்றில்தான் போனார்.

பேண்ட் விழுந்தது.

எங்கள் டாக்டரம்மா, "பயப்படாத ரோஸி. ரெண்டு வாரம் மாத்திரைய விடாம சாப்பிட்டா கிருமி போயிரும்" என்றார். அண்ணன் மாத்திரையோடு கடலுக்குப் போனான். திரும்பி வந்ததும் சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்தோம். அதே பேண்ட், அதே இடத்தில்.

"மாத்திரை தின்னியா இல்லியா?" என்று கேட்டேன்.

"தின்னேன் மக்கா. படகுல எல்லாவனுக்கும் வயித்தெரிச்சல். பங்கு வச்சுக் குடுத்தேன்."

"உனக்கென்ன கிறுக்கா? மருந்த யாராவது பங்கு வைப்பானா?"

"பின்ன? கஞ்சியும் பங்கு, மீனும் பங்கு. இத மட்டும் ஒளிச்சு வச்சுத் திங்கவா ஏட்டி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைகுறை மாத்திரையில் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிப்போகவும் செய்யும். டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். அவன் கூட்டாளிகளையும் வரவழைத்து டெஸ்ட் செய்யச் சொன்னார். இந்தத் தடவை அண்ணனைக் கடலுக்கு விடாமல் என் வீட்டிலேயே பிடித்து வைத்தேன்.

நான் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்த பிறகு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றது அந்த ரெண்டு வாரம்தான். காரம் குறைத்த மீன் குழம்பைப் பார்த்து, "இது குழம்பா, சட்டி கழுவின வெள்ளமா?" என்பான். மாத்திரையை விழுங்கிவிட்டு, சந்தேகமிருந்தால் பார்த்துக்கொள் என்று வாயைத் திறந்து காட்டுவான். எனக்குச் சிரிப்பு அடங்காது.

மாத்திரை முடிந்து ஊருக்குப் போனவனைச் சில வாரம் கழித்து வரவழைத்துச் செய்த கடைசி டெஸ்டில், ஜெல்லில் அவன் வரிசையில் பேண்ட் இல்லை. லேபிலேயே அழுதுவிட்டேன். அவன் மறுநாளே படகேறினான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் போனில் சந்தேகம் கேட்பார்கள். கடல் தொழிலாளிக்கு மாத்திரை கொடுக்கும்முன் படகில் இன்னும் யாருக்கெல்லாம் வயிற்றெரிச்சல் என்று கேளுங்கள் என்பேன். வேலையில் நான் படித்த பாடம் அது.

அண்ணன் இந்த வயசிலும் படகை விடவில்லை; கரைக்கு வந்தால் போன் செய்வான். போன வாரமும் செய்தான். "எரிச்சல் ஒண்ணும் இல்ல மக்கா, சுகம்" என்றான். எனக்கோ அந்த ரெண்டு வாரம் இன்னொரு தடவை வராதா என்று ஏக்கம்.

"வீட்டுக்கு வந்துட்டுப் போயேன் அண்ணே."

"நல்லா இருக்கவனுக்கு அங்க என்ன சோலி?" என்று சிரித்தான்.

அதுவும் சரிதான். அவன் நன்றாக இருக்கத்தானே அத்தனை பாடுபட்டேன்.