புளி போட்டுத் தேய்த்த ஆனைக்காசு

ஊறிய புளியைச் செம்பின் மேல் தேய்க்கும்போது பல்லைக் கூசவைக்கும் ஒரு வாசனை எழும். நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த சந்தில் வெள்ளிக்கிழமைகளில் எல்லா வாசலிலிருந்தும் அது வரும். நான் சொல்லப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. எனக்குப் பத்து வயது.

தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா அப்பாவுக்கு விட்டுப்போன சொத்து ஒரே ஒரு "ஆனக்காசு". ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் பாரசீக எழுத்துமாக, மைசூர் ராஜ்யத்தில் என்றோ அடித்த செப்புக்காசு. பேரீச்சம்பழ நிறத்தில் கறுத்திருக்கும். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. அவருடைய ஆபீசர் பழங்காசு சேர்ப்பவர் என்று தெரிந்ததும், "யாரும் தொட்டுத் தேய்க்காத காசு சார், எங்கப்பா வெச்சிருந்தபடியே இருக்கு" என்று பெருமையாகச் சொல்லி, வீட்டுக்கே அழைத்துவிட்டார். எங்கள் சந்துக்குள் ஓர் ஆபீசர் வருவது அதுவே முதல் தடவை.

அன்று காலை அப்பா மிச்சர் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, குத்துவிளக்கையும் சொம்புகளையும் தேய்த்துக் கவிழ்த்த அம்மா, துணி முடிச்சை அவிழ்த்து அந்தக் காசையும் எடுத்தாள். "எல்லாம் பளபளன்னு இருக்கச்சொல்ல இது மட்டும் ஏன் அழுக்கா கெடக்கணும்? பெரிய மனுசர் கையில குடுக்கறது" என்றபடி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவி, முந்தானையில் துடைத்து, பழையபடி முடிந்துவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கும் யானை மினுங்கியதில் சந்தோஷந்தான்.

ஆபீசர் கன்னடக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். யார் வந்தாலும் வாசலுக்கே போய் அழைக்கும் அம்மா, "வாங்கண்ணா, உள்ள வாங்க" என்று அவரையும் அழைத்துவிட்டுக் காபி போடப் போனாள். அப்பா முடிச்சை அவிழ்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆபீசர் காசை விளிம்பில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது தேய்ச்ச காசு. தேய்ச்சா மதிப்பு போயிடும். பழைய செம்பு இப்படி ரோஜாப்பூ நிறமா இருக்காது. பாருங்க, எழுத்து இடுக்குல கறுப்பு நிக்குது, மேட்டுல மட்டும் பளபளப்பு. சாம்பல் கீறினது நூல்நூலா தெரியுது" என்றவர், அப்பா பக்கம் திரும்பி, "யாரும் தேய்க்கலைன்னு சொன்னீங்களே" என்றார்.

அப்பா சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"சின்னப் புள்ள சார். தெரியாம தேய்ச்சிடுச்சு."

"நீயாம்மா தேய்ச்சே?"

கதவோரம் அம்மாவின் புடவை தெரிந்தது. "ஆமா சார்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் மை. புளியில் கை வைத்திருந்தால் அந்த மை அப்படி நின்றிருக்காது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காசைத் திருப்பிக் கொடுத்து, காபியைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை.

"நாந்தான்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று அம்மா கேட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மறுபடி பாடம் எழுத உட்கார்ந்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குள் சின்னப் பெருமைகூட இருந்தது.

அதன்பிறகு அம்மா விருந்தாளிகளுக்கு எதிரில் வருவதை விட்டுவிட்டாள். காபி என் கையில்தான் வெளியே வரும். பல வருஷம் கழித்து நான் ஆசிரியை ஆகி, கூட வேலை செய்கிறவர்களை அதே வீட்டுக்கு அழைத்திருந்தபோது, "நீயும் வந்து உட்காரும்மா" என்று சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "நீங்க பேசுங்க. நான் ஏதாவது தெரியாம செஞ்சிடுவேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் பொய் சொன்னது அவளுக்காக. ஆனால் புருஷனும் பெண்ணும் தன்னை நினைத்து வெட்கப்பட்டார்கள் என்பதுதான் அன்று அவள் காதில் விழுந்திருக்கிறது. அது உறைத்தும்கூட, எழுந்து போய்க் கையைப் பிடித்து அவளை வெளியே அழைத்துவராமல், வந்தவர்களுக்குத் தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தில் இப்போது ஓட்டு வீடு ஒன்றுமில்லை. விளக்குத் தேய்க்க யாரும் புளி ஊறவைப்பதில்லை. அப்பா போய், அவருக்குப் பின் அம்மாவும் போனாள். நான் எழுந்து போய் அழைத்திருக்க வேண்டிய அந்தச் சமையல்கட்டின் மேல் இன்று நாலு மாடி நிற்கிறது.