பல் டாக்டரின் மூன்று மணி நேரம்

வியாழன், காலை 9.40. சேலத்திலிருந்து 245 ரூபாய் டிக்கெட்டில் கிளம்பிய பேருந்து என்னைச் சில்க் போர்டு சந்திப்பில் இறக்கிவிட்டது. இருநூறு கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் கடந்து வந்தவள், அங்கிருந்து அடுகோடிக்கு நாலரை கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். “இந்த ஊர்ல நடந்து போறவங்கதான் மேடம் ஃபர்ஸ்ட் வருவாங்க” என்றார் ஆட்டோக்காரர். நான் கார் பந்தயத்துக்காக வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஸ்கூட்டரில் நாற்பதைத் தாண்டினாலே நான் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். இருந்தும் வந்ததற்குக் காரணம் என் கல்லூரித் தோழி மார்கரெட். அவள் கணவர் பெனடிக்ட், தொம்மலூரில் பல் டாக்டர். வாரத்தில் ஐந்து நாள் பல் பிடுங்குவார். மிச்ச நேரத்தில் பந்தயக் கார் ஓட்டுவார். பெரிய கம்பெனி அணி எதிலும் அவர் இல்லை. சொந்தக் கார், சொந்த ஆட்கள், சொந்தத் தலைவலி. “ஒரு தடவை வந்து பாருடி, அப்புறம் நீயே எனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவே” என்று மார்கரெட் ஃபோனில் சொன்னாள்.

அடுகோடியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவர்களுடைய பட்டறை. கிரைண்டர் சத்தம், வெல்டிங் வாசனை, நடுவே சிவப்பு நிறத்தில் பதினைந்து வயதான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே ஓட்டுநர் இருக்கை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டியிருந்தார்கள். ஆறடி உயரமுள்ள பெனடிக்ட் அதற்குள்ளிருந்து மடங்கி மடங்கி வெளியே வந்தார்.

“வாங்க வசந்தி. பல்லு வலியா, பந்தயமா?”

பந்தயம் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. டீ குடித்தபடி தன் கதையைச் சொன்னார். ஒன்பது வருடத்தில் ஐந்து நீண்ட பந்தயங்களில் ஓடியிருக்கிறார். ஒன்றில் பிரேக் தீய்ந்தது, ஒன்றில் சக்கரம் கழன்று தனியாக ஓடியது, இரண்டில் என்ஜின் கைவிட்டது. போன வருடம் ஒன்றை முடித்தார். அவருடைய கனவு வளைகுடா நாடு ஒன்றில் நடக்கும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம். அதற்கு விண்ணப்பிக்க, இரண்டு நீண்ட பந்தயங்களை முடித்ததற்கான கையெழுத்து லைசென்ஸ் படிவத்தில் இருக்க வேண்டும். முதல் கையெழுத்துக்கு ஒரு வருடம்தான் ஆயுள். இந்த மாதக் கடைசியோடு அது செல்லாமல் போகும். ஆக, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மூன்று மணி நேரப் பந்தயத்தை முடித்தே ஆக வேண்டும். “ஜெயிக்க வேணாம். முடிச்சா போதும்” என்றார்.

வெள்ளி, காலை 11. இன்று பார்த்தது போல ஒரு தையல்வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை. காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். இரண்டாவது ஆள் கவிதா, வாணியம்பாடிப் பெண், பொம்மனஹள்ளியில் குடியிருந்து ஐ.டி. வேலை பார்க்கிறாள். உயரம் ஐந்தடி. டாக்டருடைய இருக்கையில் அவள் உட்கார்ந்தால் கால் பிரேக்கைத் தொடாது. அதனால் இருக்கையில் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் நுரையாகப் பொங்கும் ஒரு திரவத்தை ஊற்றி, அதன்மேல் அவளை உட்கார வைத்தார்கள். நுரை பொங்கி, அவள் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்ற வடிவத்தில் இறுகித் திண்டாகிவிடும். இருபது நிமிடம் அசையக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங். “சார், நான் இப்போ சீட்டை விட்டு எழுந்திருக்கவே முடியாது” என்று அவள் ஃபோனில் சொல்ல, மேனேஜர் அவள் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டினாராம்.

அவள் ஓட்டும்போது திண்டு உள்ளே. டாக்டர் ஏறும்போது வெளியே. பட்டறையின் பெரிய மெக்கானிக் முனிரத்தினத்தின் கையாள், வீட்டில் கல்யாணம் என்று வரவில்லை. முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மேடம், கவிதா இறங்கினதும் திண்டை இழுத்துடணும். அவ்ளோதான். பேக பேக மாடணும்.” சீக்கிரம் செய்ய வேண்டுமாம். வேடிக்கை பார்க்க வந்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது!

சனி, காலை 5.30. கார் லாரியில் ஏற, நாங்கள் பின்னால் ஜீப்பில். ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூரில் இட்லி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். பிற்பகல் வெயிலில் எட்டு முறை ஒத்திகை பார்த்தோம். எட்டு முறையும் திண்டை நான் அழகாக உருவினேன். கடைசி முறை முனிரத்தினம் “சூப்பர் மேடம்” என்றார். அன்று எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

ஞாயிறு, பகல் 1.00. பதினேழு கார்கள் ஒன்றாகச் சீறியபோது தரை அதிர்ந்தது, என் விலா எலும்பும் அதிர்ந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது இந்தச் சத்தம் மார்புக்குள் இறங்குவதில்லை. முதலில் கவிதா ஓட்டினாள். கணக்கு இதுதான்: வெல்லும் கார் எண்பது சுற்று போகும், அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது எழுபத்திரண்டு சுற்று போய்க் கொடியைத் தாண்டினால்தான் ‘முடித்ததாக’ எழுதுவார்கள். எங்கள் கிழட்டுக் கார் எழுபத்து நான்கு போகும். ஆள் மாற்றவோ வேறு எதற்கோ, தடத்தின் ஓரமுள்ள அணிகளின் இடத்துக்குள் எப்போது வந்தாலும் மூன்று நிமிடம் கட்டாயம் நிற்க வேண்டும். பெட்ரோல் ஒரே முறைதான் நிரப்பலாம்.

2.15. உள்ளே வருவதற்கு முந்தைய சுற்றில் கவிதா, எங்களைவிட இரண்டு மடங்கு பலமுள்ள ஒரு காரை வளைவின் உட்புறமாகப் புகுந்து முந்திவிட்டாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் இறங்கியதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். “அக்கா, பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று அவள் குதிக்க, நானும் குதித்தேன். அதற்குள் பெட்ரோல் நிரப்பி, டாக்டர் ஏறி, பெல்ட் மாட்டி, மூன்று நிமிடம் முடிந்து பறந்துவிட்டார்.

ரேடியோவில் குரல் வந்தது. “முனி, தலை மேல கம்பியில இடிக்குது. முட்டி ஸ்டீயரிங்ல தட்டுது. என்ன பண்ணி வெச்சீங்க?”

என் கைகளைப் பார்த்தேன். வெறுங்கை. திண்டு காருக்குள்ளேயே இருந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

முனிரத்தினம் டாக்டரைத் திரும்ப உள்ளே அழைத்தார். திண்டை நானே பிடுங்கினேன், கண்ணீரோடு. மறுபடியும் மூன்று நிமிடம். முனிரத்தினம் ஜன்னலில் குனிந்து சொன்னார்: “டாக்டர், இப்போ நிதானமா ஓட்டினா எழுபத்தொண்ணுதான் வரும். விரட்டினா எழுபத்திரண்டு. ஆனா விரட்டற அளவுக்குப் பெட்ரோல் இருக்கான்னு சொல்ல முடியாது.”

“விரட்டறேன்” என்றார் டாக்டர்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு முறை சிவப்புக் கார் கடந்தபோதும் கவிதா சுவரில் ஒரு கோடு போட்டாள். அந்த மனிதர் ஓட்டிய ஓட்டம்! வளைவுகளில் மற்றவர்கள் பிரேக் மிதிக்கும் இடத்தைத் தாண்டி மிதித்தார், டயர் அலறியது. முந்திப் போனவர்களையெல்லாம் திரும்ப முந்தினார். பயந்து பயந்து ஸ்கூட்டர் ஓட்டும் நான், “இன்னும், இன்னும்” என்று கத்திக்கொண்டிருந்தேன். 3.58க்கு எழுபத்தொன்றாவது கோடு விழுந்தது.

4.00. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசைந்தது. முதலில் வந்த கார் கடந்தது, பிறகு மற்றவை. கடைசி வளைவில் சிவப்பு தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. பெட்ரோல் தீர்ந்த கார் சும்மா உருண்டு வந்து, மெதுவாகி, கோட்டுக்கு நாற்பது மீட்டர் முன்னால் நின்றுவிட்டது.

யாரும் தள்ளக் கூடாது, தொட்டால் தகுதி போய்விடும். கொடி ஐந்து நிமிடம்தான் இருக்கும். கவிதா முகத்தை மூடிக்கொண்டாள். முனிரத்தினம் ரேடியோவைப் பிடித்துக் கத்தினார்: “டாக்டர், ஃபர்ஸ்ட் கியர் ஹாக்கி! ஃபர்ஸ்ட்ல போடுங்க! கிளட்ச்சை விட்டுட்டு செல்ஃப் அடிங்க! செல்ஃப்!”

சாவியைத் திருகினால் என்ஜினைக் கிளப்புகிற அந்தச் சின்ன மோட்டார், கியர் விழுந்திருந்தால் காரையே கொஞ்சம் நகர்த்துமாம். கார் ஒரு விக்கல் விக்கியது. ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு விக்கல், இன்னொரு முழம். எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று, ஒவ்வொரு விக்கலுக்கும் கைதட்ட ஆரம்பித்தது. பாதி தூரத்தில் பேட்டரி முனகியது. அது தேறட்டும் என்று டாக்டர் அரை நிமிடம் விட்டு மறுபடி திருகினார். பத்து மீட்டர். ஐந்து. இப்போது முந்திய அணிக்காரர்கள்கூடச் சுவரில் ஏறி நின்று கத்தினார்கள். முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தொட்டது, ஏறியது, தாண்டியது. கொடி இறங்க ஐம்பது விநாடி பாக்கி இருந்தது. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியவில்லை. எங்கள் அணிக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

படிவத்தில் கையெழுத்து விழுந்த பிறகு டாக்டரிடம் போய், “எல்லாம் என்னாலதான்” என்று ஆரம்பித்தேன். வியர்வையில் நனைந்து, கழுத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். “ஒன்பது வருஷத்துல என் டீம்ல யாரும் சொதப்பாத ரேஸ் ஒண்ணுகூட இல்ல வசந்தி. முதல் ரேஸ்ல நான் கையுறையே எடுத்துட்டு வரல” என்றார்.

திங்கள், காலை 10.30. பெங்களூரில் டாக்டர் வழக்கம்போலக் கிளினிக்கைத் திறந்துவிட்டார். கழுத்து திரும்பவில்லை, நோயாளிகளைத்தான் திரும்பச் சொல்கிறார் என்று மார்கரெட் சிரித்தாள். பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் சேலம் பேருந்து ஏறினேன். எங்கள் ஊரில் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசினால், யார் ஜெயித்தது என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடியும். நானும் அப்படித்தான் இத்தனை காலம் கேட்டுப் பழகியிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கழுத்தில் இன்னும் தொங்கிய அனுமதி அட்டையைப் பார்த்து விவரம் கேட்டார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்திப்பள்ளி தாண்டியதும் அவர், “அதெல்லாம் சரிம்மா, ஃபர்ஸ்ட் வந்தது யாரு?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். எந்தக் கார், என்ன நிறம், யார் ஓட்டியது, எதுவும் நினைவில் இல்லை.

“தெரியலைங்க” என்றேன். “நாங்க முடிச்சிட்டோம்.”