தெலுங்கு என்று சொன்ன சத்யபாமா

மாணவர் சங்கச் செயலாளர் என்றால் கொடி பிடிப்பவர், மேடையேறி முழங்குபவர் என்று யாராவது நினைத்தால், அவர் இன்றைய யாங்கோனைப் பார்க்காதவர். பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து முழங்கியவர்களெல்லாம் சிறையிலோ எல்லைக்கு அப்பாலோ இருக்கிறார்கள். சத்யபாமா படிக்கும் பல்கலைக்கழகத்தில் இப்போது இருப்பது நிர்வாகம் தானே நட்டுத் தானே தண்ணீர் ஊற்றும் ஒரு சங்கம். அதற்குத் தேர்தல் கிடையாது. இயற்பியலில் முதல் மதிப்பெண் எடுத்த பாவத்துக்காகத் துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, "இனி நீதான் செயலாளர்" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கே அவளுக்குப் பெயர் மா சான் தா. அடையாள அட்டையிலும் அதுதான். சத்யபாமா என்பது போட்டாதாங் பேட்டையில் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் மட்டும் புழங்கும் பெயர். பெயரைப் போலவே குரலும் அவளுக்கு இரண்டு. பர்மியில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். தமிழில் வாய் திறந்தால் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது குரல்தான் அவளை மாட்டிவிட்டது.

செயலாளரின் வேலை குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டுவது. அந்த வாரத் திங்கட்கிழமை உணவகக் குழு கூடியது. மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸின் விலையை ஏற்றலாமா கூடாதா என்று பேராசிரியர்கள் வெகு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஊ தௌங் ஷ்வே அவளைக் கைகாட்டி நிறுத்தினார். ஒழுங்குக் குழுவின் தலைவர் அவர். அதிராமல் பேசும் மனிதர், அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் கிலி.

"வெள்ளிக்கிழமை ஒழுங்குக் குழுவுக்கு நீயும் வரணும், மா சான் தா. நூலக விஷயம். காவலாளி எடுத்த வீடியோவில் ஒரு பெண் கலா பாஷையில் கத்துகிறாள். நீதான் எங்களுக்கு அர்த்தம் சொல்லணும்."

இந்தியர் யாராக இருந்தாலும் அங்கே கலாதான், அவர்கள் பேசுவதெல்லாம் கலா பாஷைதான். ஆசிரியரை அங்கே சயா என்றுதான் கூப்பிட வேண்டும். சத்யபாமா "சரி, சயா" என்றாள். வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கத்தியது அவள்தான்.

முந்தின வாரம் சில மாணவர்கள் கறுப்புச் சட்டை போட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு, நூலகத்தின் முன்னால் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். செய்தது அவ்வளவுதான். அதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது. மேல்மாடி ஜன்னலில் நின்றிருந்த சத்யபாமா, கூட்டத்தில் ஒருவனை அவன் நிற்கும் தோரணையை வைத்தே கண்டுகொண்டாள். போட்டாதாங்கில் அவர்கள் வீட்டுக்கு மேல் வீட்டுக் கார்த்திகேசன். கூடப் பிறக்காததுதான் குறை. யோசிக்க நேரமில்லை. "தம்பி, பின்வாசலுக்கு ஓடு" என்று முழுத் தொண்டையில் கத்தினாள். தமிழில் கத்தினால் யாருக்கும் புரியாதே என்றுதான் கத்தினாள். யாருக்கும் புரியவும் இல்லை. ஆனால் கத்தியவள் கலாப் பெண் என்பது அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. ரகசியம் பேச நமக்கென்று ஒரு பாஷை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் செய்யும் முட்டாள்தனம் இது.

செவ்வாய்க்கிழமை மைதானக்குழுவில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மாலையில் கார்த்திகேசனைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மாவ்பிக்குப் போயிருடா. ஒங்க மாமா வயல்ல கொஞ்ச நாளு இரு."

"போனா அட்டெண்டன்ஸ் போயிரும்க்கா. பேர எடுத்துட்டாங்கன்னா பட்டாளத்துக்குக் கூப்புட்டு அனுப்புவானுங்க. படிக்கிறவன்னுதானே இப்ப விட்டு வச்சிருக்கானுங்க."

"மாட்டுனா மட்டும் என்ன பண்ணுவாங்களாம்? அதேதானே."

"வீடியோல ஏம் மூஞ்சி தெரியாது. ஒங்கொரலுதான் கேக்கும்." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்தது. "அக்கா, நானே போயி ஒத்துக்கிறட்டா?"

"ஒங்கம்மாவ நெனச்சுப் பேசு. வாய மூடிக்கிட்டு கிளாசுக்குப் போ."

மறுநாளிலிருந்து சத்யபாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதாவது, கட்டிக்கொண்டதாக அவள் வைத்துக்கொண்டாள். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் இருமினாள். பதிவாளர் டோ மியா மியா பரிவோடு இஞ்சித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பரிவு அவளைக் கதிகலங்க வைத்தது. இந்தம்மாவுக்குத் தெரியுமோ, தெரிந்துதான் ஆழம் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டாள். குடித்தால் குரல் வந்துவிட்டதா என்று கேட்பாரோ என்று தேநீரை மேசையிலேயே ஆறவிட்டாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். படகுத்துறையில் மூட்டைக் கணக்குப் பார்த்துவிட்டு அசந்து போய் வந்திருந்த மனிதரைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பயத்தைப் பங்கு போட்டால் குறையும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் இன்னும் ஒருவர் பயப்படுவார், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டாள். அம்மாவிடம் பரீட்சைக் கவலை என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு வீடியோவைப் போட்டார்கள். கறுப்பு முதுகுகள் தெரிந்தன, வண்டி வரும் சத்தம் கேட்டது, பிறகு அவள் குரல். இத்தனை கனமான குரலா நமக்கு என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார் ஊ தௌங் ஷ்வே. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது.

"என்ன சொல்கிறாள்?"

சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று சொல்வதாக வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் ஒரு முதுகு திரும்பிப் பின்வாசலுக்கு ஓடுவது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இது தமிழ் இல்லை, சயா. தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது."

மேசையில் யாருக்கும் தமிழுக்கும் தெலுங்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஊ தௌங் ஷ்வே தலையை அசைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று சத்யபாமாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காலம் முழுக்க நம்மை எல்லாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்களே என்று எரிச்சல்பட்டவளுக்கு, அன்றைக்கு அந்தக் குழப்பத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"தெலுங்குப் பெண் யாராவது நம்மிடம் இருக்கிறார்களா?" என்று அவர் பதிவாளர் பக்கம் திரும்பினார்.

டோ மியா மியாவுக்கு எல்லாம் மனப்பாடம். "ஒரே ஒருத்தி இருக்கிறாள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு, புஷ்பலதா."

அப்படி ஒருத்தி இருப்பதே சத்யபாமாவுக்குத் தெரியாது. தெலுங்கர் யாராவது இங்கே இருக்கக்கூடும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"கூட்டிக்கொண்டு வா" என்று ஊ தௌங் ஷ்வே காவலாளியை அனுப்பினார். "ஒத்துக்கொண்டால் பெயரை அடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு எழுதிவிடலாம். இல்லை என்றால் அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்."

காவலாளி எழுந்து கதவு வரை போனான். பேசாமல் இருந்துவிடு, பேசாமல் இருந்துவிடு என்று சத்யபாமாவின் உடம்பு முழுவதும் சொன்னது. முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக எவள் தலையைக் கொடுப்பாள்? ஆனால் அந்தப் பெண்ணும் இப்போது விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், அவள் வீட்டிலும் யாராவது வேலையிலிருந்து அசந்து போய் வருவார்கள். அவள் எவ்வளவு இல்லை என்று சொன்னாலும் நம்பப் போவதில்லை. கத்தாதவளுக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

"சயா, தமிழ்தான் அது." குரல் கட்டவில்லை, இருமலும் வரவில்லை. "நான்தான் கத்தினேன்."

காவலாளி நின்றான். டோ மியா மியா தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று அவள் படித்ததெல்லாம் சுத்தப் பொய்.

"என்ன கத்தினாய்?"

"ஓடு என்று."

"யாரை?"

"அங்கே நின்ற எல்லாரையும்தான்."

"ஓடினவன் ஒருவன். உன் குரலைக் கேட்டுத்தான் ஓடினான். அவனுக்கு உன் பாஷை புரிந்திருக்கிறது." ஊ தௌங் ஷ்வே இன்னும் அதிரவில்லை. "யார் அவன்?"

"தெரியாது, சயா."

அந்தத் தெலுங்குப் பெண்ணைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சத்யபாமாவின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சங்கச் செயலாளர் பதவியை அந்த இடத்திலேயே பிடுங்கினார்கள். அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. பக்கத்து அறையில் அவளை உட்கார வைத்துவிட்டுக் காவலாளி கதவை வெளியே தாழிட்டான். வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் கேட்டால் எப்படியும் சொல்லிவிடுவாள் என்று ஊ தௌங் ஷ்வே யாரிடமோ சொல்வது சுவர் தாண்டிக் கேட்டது.

அவளுக்கும் அதே பயம்தான். அடித்தால் தாங்கும் உடம்பில்லை அவளுடையது. ஊசி குத்தினாலே மயங்கி விழுகிறவள். பெயரைச் சொல்லக்கூடாது, நினைக்கவே கூடாது, எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அந்தப் பெயர் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டதும், சத்யபாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.